அபராதமா, ஜெயிலா? பிரிட்டனில் சஃப்ரஜெட்டுகளின் தடம்

வியாழன், மான்செஸ்டர்

வாக்குரிமை கேட்டு, சட்டத்தை மீறியும் போராடிய பிரிட்டன் பெண்கள்தான் சஃப்ரஜெட்டுகள். அவர்கள் தடத்தில் ஏழு நாள் பயணம் இது. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து மான்செஸ்டர் பிக்கடிலிக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இறங்கியதும் முதலில் நெல்சன் தெரு 62ஆம் எண் வீட்டுக்குப் போய்விடுங்கள். வாரத்தில் சில நாட்கள், அதுவும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். கிளம்பும் முன், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இந்த வீட்டின் இணையதளத்தில் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் தெற்கே போகும் பஸ்கள் அடுத்தடுத்து வரும். பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தின் ஓரத்தில் இறங்கினால், நவீனக் கட்டடங்களுக்கு நடுவே ஒட்டாமல் நிற்கும் செங்கல் வீடு கண்ணில் படும்.

கணவர் ரிச்சர்ட் 1898இல் இறந்த பிறகு சஃப்ரஜெட்டுகளின் தலைவர் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் குடிவந்த வீடு இது. பிறப்பு இறப்புப் பதிவாளர் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். 1903 அக்டோபர் 10 அன்று இந்த வீட்டின் கூடத்தில்தான் பெண்கள் சமூக அரசியல் சங்கம் தொடங்கியது. உறுப்பினர்கள் பெண்கள் மட்டுமே. முழக்கம் ‘சொல் அல்ல, செயல்’. பிரிட்டனில் வாக்குரிமைக் கோரிக்கை இங்கே பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் 1897இலேயே ஒரு தேசிய ஒன்றியம் உருவாகி, மனு, கூட்டம், எம்.பி.க்களைச் சந்திப்பது என்று சட்டப்படி வேலை பார்த்துவந்தது. உறுப்பினர் கணக்கில் அதுதான் எப்போதும் பெரியது. சிலைகளும் பலகைகளும் மட்டும் பாங்க்ஹர்ஸ்ட் பக்கமே அதிகம் சாய்கின்றன.

அடுத்து பீட்டர் தெருவில் இருக்கும் ஃப்ரீ டிரேடு ஹால். இப்போது அது ஹோட்டல். பழைய முகப்பு மட்டும் நிற்கிறது. 1905 அக்டோபர் 13 இரவு லிபரல் கட்சிக் கூட்டத்தில் சர் எட்வர்டு கிரே பேசினார். எம்மலினின் மகள் கிறிஸ்டபெலும், பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த ஆனி கென்னியும் கையில் ஒரு துணிப் பதாகையோடு வந்தார்கள். மாடத்தில் இடம் கிடைத்தால் விரிப்பதற்காக முதலில் எழுதிய வாசகம் நீளமானது. இடம் கிடைக்காததால் அதை வெட்டி, ‘பெண்களுக்கு வாக்கு’ என்று சுருக்கினார்கள். இயக்கத்தின் முழக்கம் அளவுப் பிரச்சினையால் பிறந்தது என்று சொன்னால் தப்பில்லை.

லிபரல் அரசு வந்தால் பெண்களுக்கு வாக்கு தருவீர்களா என்று ஆனி கேட்டார். பதில் இல்லை. எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. இருவரையும் வெளியே இழுத்துப் போனார்கள். வெளியேற்றினால் மட்டும் வழக்கு ஆகாது, வழக்கு இல்லாவிட்டால் பத்திரிகையில் வராது. கிறிஸ்டபெல் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். கைகளைப் பிடித்திருந்ததால் போலீஸ்காரர் முகத்தை நோக்கித் துப்பினார். சட்டத்தின் கண்ணில் அதுவும் தாக்குதல்தான். எச்சில் எதுவும் இல்லை, உதட்டைக் குவித்ததோடு சரி என்று பிற்பாடு விளக்கம் வேறு கொடுத்தார். கிறிஸ்டபெலுக்கு 10 ஷில்லிங் அல்லது 7 நாள்; ஆனிக்கு 5 ஷில்லிங் அல்லது 3 நாள். இருவரும் பணம் கட்ட மறுத்து ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைக்குப் போனார்கள். அதுவரை ஓரத்தில் இரண்டு வரி கிடைத்த விஷயம் நாடு முழுக்கச் செய்தியானது. அபராதத்தை மறுத்து ஜெயிலுக்குப் போகும் இந்த வழிதான் அடுத்த ஒன்பது ஆண்டுக்கும் அடிப்படை. எந்த இடத்துக்குப் போனாலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரண்டு நிமிட நடையில் செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கம். நாற்காலி மேல் ஏறி நின்று பேசும் எம்மலின் சிலை, 2018 டிசம்பர் 14இல் திறந்தது. தெருமுனைக் கூட்டத்துக்கு மேடை கிடைக்காது, நாற்காலிதான் மேடை. நேரம் இருந்தால் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் மான்செஸ்டர் கிளையின் 1908ஆம் ஆண்டுப் பதாகை இருக்கிறது. பழைய துணி என்பதால் எப்போதும் காட்சியில் வைப்பதில்லை, முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளவும்.

வெள்ளி, வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்கள்

பார்லிமென்ட் சதுக்கத்தின் மேற்குப் பக்கம் மில்லிசென்ட் ஃபாசெட் சிலை. 2018 ஏப்ரல் 24இல் திறந்தது. கில்லியன் வேரிங் செய்தது. அந்தச் சதுக்கத்தில் பெண் ஒருவருக்கு வைத்த முதல் சிலை. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பீடத்தைச் சுற்றி வந்தால் இயக்கத்தில் இருந்த 59 பேரின் முகங்களும் பெயர்களும் இருக்கின்றன, அதில் நான்கு பேர் ஆண்கள். சோஃபியா துலீப் சிங் பெயரைத் தேடிப் பிடித்து வையுங்கள், புதன்கிழமை வேண்டியிருக்கும்.

அங்கிருந்து விக்டோரியா தெரு வழியாகக் கேக்ஸ்டன் தெருவுக்குப் பத்து நிமிடம். மெட்ரோவில் வந்தால் செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையம். கேக்ஸ்டன் ஹால் இப்போது குடியிருப்பு, உள்ளே விடமாட்டார்கள். 1907 பிப்ரவரி 13 தொடங்கி சங்கம் இங்கே ‘பெண்கள் நாடாளுமன்றம்’ கூட்டியது. உண்மையான நாடாளுமன்றம் கூடும் வேளையில் இங்கே தீர்மானம் போட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிரதமரிடம் கொடுக்க நடந்து போவார்கள். நாம் வந்த அதே பத்து நிமிட வழிதான். மனுவோடு பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது என்று 1661ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அந்தச் சட்டத்தைப் பெண்கள்மேல் பாய்ச்சுவோம் என்ற மிரட்டலும் வந்தது.

1910 நவம்பர் 18, ‘கறுப்பு வெள்ளி’. சொத்துள்ள பெண்களில் ஒரு பகுதிக்காவது வாக்கு தரும் சமரச மசோதாவுக்கு அரசு நேரம் ஒதுக்க மறுத்ததும், ஏறக்குறைய 300 பெண்கள் சின்னச் சின்னக் குழுக்களாகக் கிளம்பினார்கள். முதல் குழுவில் எம்மலின், டாக்டர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன், இயற்பியலாளர் ஹெர்த்தா அயர்ட்டன், சோஃபியா துலீப் சிங். வழக்கமாக வெஸ்ட்மின்ஸ்டர் போலீஸ் சீக்கிரமே கைது செய்துவிடும். இரு தரப்புக்கும் அந்த நடைமுறை பழகியிருந்தது. அன்று ஈஸ்ட் எண்ட் பக்கத்திலிருந்து வேறு போலீசாரைக் கொண்டுவந்தார்கள். கைது செய்யாமல் தள்ளுவதும் அடிப்பதும் கூட்டத்துக்குள் தூக்கி எறிவதுமாக ஆறு மணி நேரம் போனது. கடைசியில் 115 பெண்களும் 4 ஆண்களும் கைதானார்கள். மறுநாள் உள்துறை அமைச்சர் சர்ச்சில் பெரும்பாலான வழக்குகளைக் கைவிடச் செய்தார். வழக்கு நடந்தால் பெண்கள் கோர்ட்டில் பேசுவார்களே! பிற்பாடு 135 பேரிடம் வாக்குமூலம் சேகரித்தார்கள். அதில் 29 பேர் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள்.

கண்ணாடி உடைப்பு ஏன் பெருகியது என்பதற்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. நடந்து போனால் ஆறு மணி நேரம் அடி. ஒரு கல்லை எறிந்தால் ஒரு நிமிடத்தில் கைது. உடம்புக்கு எது பாதுகாப்பு என்று பார்த்தால் கல்தான். அதன் பிறகு ஊர்வலம் போன சிலர் உடைக்குள் அட்டை வைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

எதிரே கிறைஸ்ட்சர்ச் தோட்டத்தில், சுருள் வடிவத்தில் 1970இல் வைத்த நினைவுச் சின்னம். பழைய போராளிகளே சேர்ந்து வைத்தது.

மாலையில் விக்டோரியா டவர் தோட்டம். எம்மலின் சிலையை 1930 மார்ச் 6 அன்று திறந்தவர் முன்னாள் பிரதமர் பால்ட்வின். இசை வாசித்தது லண்டன் போலீஸ் பேண்டு. நடத்தியவர் ஒருகாலத்தில் ஹாலோவே சிறையில் இருந்த இசையமைப்பாளர் எத்தல் ஸ்மித். பக்கத் தாழ்சுவரில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் இருக்கும். ஒன்றில் கிறிஸ்டபெல், இன்னொன்றில் சிறைவாசிகளுக்குச் சங்கம் கொடுத்த உடையூசி: நாடாளுமன்றத்தின் இரும்புக் கதவுச் சின்னத்தின் மேல், கைதி உடையில் அச்சிடும் அம்புக்குறி. எம்மலினின் இன்னொரு மகள் சில்வியா வரைந்த வடிவம் அது.

சனி, நாடாளுமன்றத்துக்குள்

சனிக்கிழமைகளில் சுற்றுலா நுழைவு உண்டு, முன்பதிவு செய்வது நல்லது. விமான நிலையம் மாதிரி சோதனை. அரை மணி நேரம் முன்னதாக நில்லுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலிலும் செயின்ட் ஸ்டீபன்ஸ் ஹாலிலும் படம் எடுக்கலாம், அதற்கு அப்பால் கூடாது. ஒலி வழிகாட்டி அரசர்களைப் பற்றியே அதிகம் பேசும். நமக்கு வேண்டியதை நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்: 1866 ஜூன் 7 அன்று, 1,499 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் இங்கே தூக்கி வந்தார்கள். இருவருக்கும் கூச்சம். எம்.பி. ஜான் ஸ்டூவர்ட் மில் வரும்வரை, ஆப்பிள் விற்ற பெண்ணின் பலகைக்கு அடியில் சுருளை ஒளித்து வைத்தார்கள். அந்தக் கூச்சத்துக்கும் நேற்றைய கல்லுக்கும் இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, எண்ண முடியாத மனுக்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் ஹால் வாசலுக்கு மேலே தெரியும் வண்ணக் கண்ணாடி வட்டங்கள் 2016இல் மேரி பிரான்சன் செய்தவை. தேம்ஸின் ஏற்ற வற்றத்தோடு சேர்ந்து அவற்றின் வெளிச்சமும் மாறும்.

செயின்ட் ஸ்டீபன்ஸ் ஹாலில் ஃபாக்லண்ட் பிரபுவின் சிலையைத் தேடுங்கள். பூட்ஸின் குதிமுள் உடைந்திருக்கும். 1909 ஏப்ரல் 27 அன்று பெண்கள் இங்குள்ள சிலைகளோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். சங்கிலியை வெட்டும்போது போனது அந்த முள். சரிசெய்யாமலே விட்டிருக்கிறார்கள், புண்ணியம்.

அதே ஆண்டு ஜூனில் மேரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் இதே ஹாலின் சுவரில் ஊதா மையால் முத்திரை குத்தினார். அரசரிடம் மனுக் கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காகச் சிறையிடுவது சட்டவிரோதம் என்ற 1689ஆம் ஆண்டு உரிமைச் சாசன வரிதான் வாசகம். 22ஆம் தேதி முயன்றபோது தடுத்துவிட்டார்கள். 24ஆம் தேதி மறுபடி வந்து முடித்தார். ஒரு மாதச் சிறை.

சிறையில் மூன்று வகுப்பு. முதல் வகுப்பில் சொந்த உடை, புத்தகம், கடிதம் எல்லாம் உண்டு. அரசியல் கைதிக்கு உரியது அதுதான் என்று பெண்கள் கேட்டார்கள். அவர்களைத் தள்ளியதோ பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில், அம்புக்குறி உடையோடு. ஜூலை 5இல் டன்லப் சாப்பாட்டை மறுத்தார். யாரையும் கேட்காமல் அவராக எடுத்த முடிவு. 91 மணி நேரத்தில் விடுவித்துவிட்டார்கள். மற்றவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள், அரசும் விழித்துக்கொண்டது. செப்டம்பரில் பர்மிங்ஹாம் சிறையில் வலுக்கட்டாயமாக உணவு புகட்டத் தொடங்கினார்கள்.

மத்திய லாபியில் ஜன்னல்களைக் கவனியுங்கள். அங்கே பொருத்தியிருக்கும் பித்தளைப் பின்னல் தட்டிகள் ஒருகாலத்தில் மக்களவையின் பெண்கள் மாடத்தை மறைத்தவை. உறுப்பினர்களின் கவனம் சிதறக் கூடாதாம்! 1908 அக்டோபர் 28 அன்று பெண்கள் விடுதலை லீக் என்ற வேறோர் அமைப்பின் மூரியல் மேட்டர்ஸும் ஹெலன் ஃபாக்ஸும் தங்களை இந்தத் தட்டியோடு பூட்டிக்கொண்டார்கள். பூட்டைத் திறக்க முடியாமல் தட்டியையே கழற்றி, பெண்களோடு சேர்த்துக் கமிட்டி அறைக்குத் தூக்கிப்போய் அறுத்தார்கள். அதற்குள் மூரியல் பேச நினைத்ததைப் பேசிவிட்டார். 1917இல் தட்டிகளை மாடத்திலிருந்து நிரந்தரமாக எடுத்தார்கள்.

சங்கத்தின் போராளி எமிலி வைல்டிங் டேவிசன் ஒளிந்திருந்த அலமாரி கீழே நிலவறைத் தேவாலயத்தில் இருக்கிறது. சாதாரணச் சுற்றில் அது வராது. 1911 ஏப்ரல் 2 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவு. நாட்டில் பலர் ‘எங்களுக்கு வாக்கில்லை, எங்களை எண்ணாதே’ என்று படிவத்தை மறுத்தபோது, இவர் தன் முகவரி மக்களவை என்று பதிவாக வேண்டும் என ஒளிந்தார். பதிவாகியும் விட்டது. தங்கியிருந்த வீட்டிலும் பெயர் கொடுத்துவிட்டதால், புறக்கணிப்பு ஆண்டில் இரண்டு முறை எண்ணப்பட்ட பெண் ஆனார். அலமாரியில் பிற்காலத்தில் எம்.பி. டோனி பென் தன் கையால் பலகை மாட்டினார்.

ஞாயிறு, கிழக்கு லண்டனின் போ (Bow) பகுதி

போ ரோடு மெட்ரோ நிலையம். 1912 அக்டோபரில் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் 198ஆம் எண் கடையைப் பிடித்து, முகப்பில் பொன்னெழுத்தில் ‘பெண்களுக்கு வாக்கு’ என்று எழுதியது இந்தச் சாலையில்தான். கட்டடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஓல்டு ஃபோர்டு ரோட்டில் லார்டு மார்பெத் மதுக்கடையின் பக்கச் சுவரில் அவருடைய ஓவியம் இருக்கிறது. அதை ஒட்டிய 400ஆம் எண்ணில்தான் அவரது தலைமையகம்.

பெரிய வீட்டுப் பெண்கள் நடத்தும் போராட்டம் போதாது, தொழிலாளிப் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே பேச வேண்டும், எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை; 1914 ஜனவரியில் வெளியேற்றினார்கள். அதே ஆண்டு மார்ச்சில் தனிப் பத்திரிகை. போர் வந்ததும் அம்மா போராட்டத்தை நிறுத்திப் படைக்கு ஆள் சேர்க்கப் போக, மகள் இங்கே பெரியவர்களுக்கு இரண்டு பென்னி, பிள்ளைகளுக்கு ஒரு பென்னி என்று சாப்பாடு போட்டார். ‘துப்பாக்கி செய்வோர்’ பெயரில் இருந்த மதுக்கடையைக் குழந்தைக் காப்பகமாக்கி ‘தாய்மார்’ பெயர் சூட்டினார். இந்த முழுப் பயணத்திலும் ஆள் குறைவாக வரும் இடம் இது. முக்கியத்துவத்தில் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் குறைந்ததல்ல என்பது நம் கட்சி.

திங்கள், ஹோல்போர்ன் முதல் கென்சிங்டன் வரை

லண்டன் பொருளாதாரப் பள்ளி நூலகத்தில் பெண்கள் நூலகச் சேகரிப்பு இருக்கிறது. தரைத்தளக் கண்காட்சியை யாரும் பார்க்கலாம். ஆவணம் வேண்டுமென்றால் முன்கூட்டிப் பதிந்து, எண்ணைக் கொடுத்து வரவழைக்க வேண்டும். நேரில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. லண்டன் வாலில் இருந்த பழைய லண்டன் அருங்காட்சியகத்தைத் தேடிப் போக வேண்டாம், 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். சங்கத்தின் தலைமையகம் 1906 முதல் 1912 வரை இதே பகுதியில், கிளமென்ட்ஸ் இன் 4ஆம் எண்ணில் இயங்கியது.

இங்கிருந்து ஸ்ட்ராண்டு, ரீஜென்ட் தெரு, ஆக்ஸ்ஃபோர்டு தெரு என்று நடக்கலாம். 1912 மார்ச் 1 மாலை பெண்கள் சுத்தியலைக் கையுறைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்த வழி. மார்ச் 4 என்று அறிவித்துவிட்டு 1ஆம் தேதியே இறங்கியதால் போலீஸ் தயாராக இல்லை. அறிவித்தபடி 4ஆம் தேதியும் உடைத்தார்கள். சேதம் 5 பவுண்டைத் தாண்டினால் வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போகும், தண்டனை கூடும். பெரிய கடைகளின் முழுக் கண்ணாடி அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டியது. எம்மலின் டௌனிங் தெருவில் எறிந்தார். அவருக்கு எறியக் கற்றுக்கொடுத்தவர் எத்தல் ஸ்மித். மாணவியின் குறி படுமோசம் என்று பின்னாளில் எழுதிவைத்தார்.

பிடிபட்டவர்கள் போன ஹாலோவே சிறை 2016இல் மூடியது. அங்கே இப்போது வீடுகள் எழும்புகின்றன, பார்க்க ஒன்றும் இல்லை. நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும். பெண் காவலர்கள் கைகாலைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ரப்பர் குழாயை மூக்கு வழியாகவோ, இரும்புக் கவ்வியால் பிளந்த வாய் வழியாகவோ இறக்கி, பால் முட்டைக் கலவையை ஊற்றுவார். குழாய் இரைப்பைக்குப் பதில் மூச்சுக் குழலுக்குள் போனால் உணவு நுரையீரலில் இறங்கும். 1913 பிப்ரவரியில் லிலியன் லென்டனுக்கு அதுதான் ஆனது. நுரையீரல் உறை அழற்சி கண்டு, சாகக் கிடந்தவரை அவசரமாக வெளியே அனுப்பினார்கள். கான்ஸ்டன்ஸ் லிட்டன் சீமாட்டியின் கதை வேறு. நியூகாசிலில் சொந்தப் பெயரில் பிடிபட்டபோது இதயம் பலவீனம் என்று விட்டுவிட்டார்கள். 1910 ஜனவரியில் ‘ஜேன் வார்ட்டன்’ என்ற தையல்காரியாக லிவர்பூலில் பிடிபட்டபோது இதயத்தைச் சோதிக்காமலே 8 முறை புகட்டினார்கள்.

ஹாலோவேயில் 1910இல் ஒரு மாதம் இருந்த ஐரிஷ்காரர் மார்கரெட் கசின்ஸ். 1915இல் இந்தியா வந்தவர், 1917இல் சென்னை அடையாறில் இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணமாகச் சென்னை 1921இல் ஆனதற்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் உழைப்பு இருக்கிறது.

லென்டன் விவகாரத்தின் சங்கடத்தில் பிறந்தது 1913 ஏப்ரலின் ‘பூனை எலிச் சட்டம்’. உண்ணாவிரதத்தில் தளர்ந்தால் வெளியே விடு, தேறியதும் பிடித்து வா. கென்சிங்டன் பக்கம் கேம்ப்டன் ஹில் சதுக்கம் 2ஆம் எண் வீட்டுக்கு ‘எலிக் கோட்டை’ என்றே பெயர் வந்தது. வெளியே போலீஸ் காவல். உள்ளிருந்து முகத்திரை போட்ட பல பெண்கள் ஒரே நேரத்தில் பல திசையில் ஓடுவார்கள். எது நிஜ எலி என்று போலீஸ்தான் கண்டுபிடிக்க வேண்டும். தனியார் வீடு, தெருவில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

செவ்வாய், எப்சம்

விக்டோரியாவிலிருந்து எப்சமுக்கு ரயில். சந்தைச் சதுக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எமிலி டேவிசன் சிலை, 2021 ஜூனில் திறந்தது. பந்தயத் திடலுக்குப் போக டாட்டன்ஹாம் கார்னர் நிலையம்தான் பக்கம், ஆனால் அது வேறு கிளைப் பாதை. எப்சமிலிருந்து பஸ் பிடிப்பது சுலபம். பந்தய நாள் தவிர மற்ற நாட்களில் புல்வெளியில் தாராளமாக நடக்கலாம்.

1913 ஜூன் 4, டெர்பி குதிரைப் பந்தயம். வளைவில் முன்னணிக் குதிரைகள் கடந்தபின் எமிலி தடுப்புக்கு அடியில் புகுந்து ஓடினார். அரசரின் குதிரை அன்மர் மோதியது. ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ் பிழைத்தார்; எமிலி நினைவு திரும்பாமல் 8ஆம் தேதி இறந்தார். வளைவில் நின்று பார்த்தால் ஒன்று புரியும். சரிவில் இறங்கிவரும் குதிரையை அடையாளம் கண்டு முடிவெடுக்கக் கிடைப்பது சில நொடிகளே. பையில் திரும்பும் ரயில் சீட்டு இருந்ததை வைத்து, சாக நினைக்கவில்லை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சீட்டை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. எழுதிய கடிதம் எதுவும் அவர் விட்டுப் போகவில்லை. கொடி இருந்தது, அதைக் குதிரைமேல் மாட்டப் பார்த்தாரா என்பது ஊகம். ஜூன் 14 லண்டனில் பெரும் ஊர்வலம், மறுநாள் வடக்கே மார்பெத்தில் அடக்கம்.

புதன், ஹாம்ப்டன் கோர்ட்

வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில், முப்பத்தைந்து நிமிடம் போல. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரண்மனை. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா இந்த அரண்மனை வாசலில் நின்றுதான் 1913இல் ‘சஃப்ரஜெட்’ பத்திரிகை விற்றார். விக்டோரியா அரசி அவருக்கு ஞானத்தாய். அரச தயவில் கிடைத்த ஃபாரடே இல்லத்தில் குடியிருந்துகொண்டே செய்த காரியம் இது.

கறுப்பு வெள்ளியின் முதல் குழுவில் போயும் சிறைக்கு அனுப்பாமல் விட்டவர்களில் இவரும் ஒருவர். இவரை ஜெயிலில் போட அரசுக்குத் துணிவில்லை. ‘அபராதமா, ஜெயிலா’ என்ற கணக்கு இவரிடம் செல்லவில்லை. அதனால் வேறு வழி: பெண்கள் வரி மறுப்பு லீக். வாக்கில்லையென்றால் வரியில்லை. நடைமுறை இப்படிப் போகும். வண்டி, நாய், வேலைக்காரர் ஆகியவற்றுக்கு வாங்க வேண்டிய லைசென்ஸை வாங்காமல் இருப்பது. சம்மன் வந்தால் கோர்ட்டில் காரணத்தைப் பேசுவது. அபராதத்தைக் கட்ட மறுப்பது. ஜப்தி செய்ய ஆள் வந்தால் சின்னதாக, விலையுள்ளதாக ஒன்றை எடுத்துப்போக விடுவது. ஏலத்துக்கு லீக் உறுப்பினர்கள் கூட்டமாகப் போய் ஹாலை நிரப்பி, பொருளைத் தாங்களே ஏலம் எடுத்து உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் கூட்டம் போட்டுப் பேசுவது.

1911இல் ஆறு ஷில்லிங் பாக்கிக்காக ஏழு கல் வைர மோதிரம் ஏலத்துக்குப் போனது. லீக்கின் ஓவியர் லூயிசா ஜாப்ளிங் ரோ எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். 1913 இறுதியில் 12 பவுண்டு 10 ஷில்லிங் அபராதம். அதற்கு 131 முத்து கோத்த மாலையும் ஒரு தங்கக் காப்பும் ட்விக்கன்ஹாமில் ஏலம் போயின. மாலை 10 பவுண்டு, காப்பு 7 பவுண்டு; எடுத்தவர்கள் இரண்டு பேருமே லீக்கின் ஆட்கள். கஜானாவுக்குப் பணம் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். லீக் வாங்கியது கோர்ட்டிலும் ஏலக் கூடத்திலும் பேசக் கிடைத்த நேரத்தை, பத்திரிகையில் அதற்குக் கிடைத்த இடத்தை.

ஃபாரடே இல்லம் அரண்மனைச் சுற்றுச்சுவருக்கு வெளியே, ஹாம்ப்டன் கோர்ட் ரோட்டில் புல்வெளியைப் பார்த்து நிற்கிறது. அரண்மனைக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. 2023இல் பதித்த நீல வட்டப் பலகையை எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்தே படிக்கலாம். வண்டிகள் வேகமாக வரும் சாலை, படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகராதீர்கள்.